கண்ணாடியில் ஓடிய படம்

பெரியபாளையம் தாண்டிப் புதுவாயல் போகிற சாலையில், வெள்ளிக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு ஒரு கம்பெனி பஸ் அழுதுகொண்டே போகிறது என்று என்னிடம் முதலில் சொன்னவர் ஒரு பால்காரர். பஸ் எப்படி அழும் என்று கேட்டேன். பஸ் அழவில்லை, உள்ளே இருக்கிறவர்கள் அழுகிறார்கள், ஆண் பெண் பேதமில்லாமல் மொத்தமாக, என்று திருத்திக்கொண்டார். கேட்டவுடன் திருத்திக்கொள்கிற வதந்தியில் ஏதாவது உண்மை இருக்கும் என்பது என் அனுபவம். முழுப் பொய் என்றால் பிடிவாதம் பிடிக்கும்.

அந்த வதந்தி கவரைப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் மூன்று குட்டி போட்டிருந்தது. போனஸ் கேட்டு பவானியம்மனுக்கு எடுத்த வேண்டுதல் என்றது ஒரு கட்சி. அந்த இடத்தில் முன்னொரு விபத்தில் போனவர்களுக்கு அஞ்சலி என்றது இன்னொரு கட்சி. எந்த விபத்து என்று கேட்டால், "அதான், அப்ப நடந்துச்சே அது" என்றார்கள். மூன்றாவது கட்சி, ஃபேக்டரி வேலைக்குப் போகிறவன் வாரத்துக்கு ஒரு நாள்தானே அழுகிறான், அதையும் ஏன் கணக்கெடுக்கிறீர்கள் என்றது. மூன்றில் இதுதான் எனக்கு நம்பும்படி இருந்தது.

பவானியம்மன் கோயில் தாண்டி முதல் வளைவில் பூ விற்கும் அம்மாள் கண்ணால் பார்த்த சாட்சி.

"ஊர்ந்துகினு போவும் சார். உள்ள அல்லாரும் நேரா பாத்துக்கினு கண்ண தொடச்சிக்கினு இருப்பாங்க. ஒரு பேச்சு சத்தம் கெடையாது. நானு கையெடுத்துக் கும்புட்டுக்குவேன்."

"யாரைம்மா?"

"பஸ்ஸத்தான். உள்ள அம்மன் இருந்தாக்கா?"

ஒன்பது மாசமாகக் கும்பிட்டு வருகிறார். பலன் உண்டா என்று கேட்டேன். மூட்டுவலி குறைந்திருக்கிறது என்றார். பஸ்ஸின் பின்பக்கம் 'அப்பாவு' என்று எழுதியிருக்கும் என்ற தகவலையும் அவர்தான் கொடுத்தார்.

அப்பாவு வண்டி கான்ட்ராக்டர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பல கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் விடுகிறவர். போனில் பிடித்து, வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். "அடக்கடவுளே, உங்க வரைக்கும் வந்துடுச்சா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வதந்தியைச் சரிபார்க்கப் போகிறவனுக்கு இதைவிட நல்ல சகுனம் கிடையாது.

புதன்கிழமை சாயங்காலம் வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் காலி மனையில் அந்த பஸ் நின்றிருந்தது. ஏற்கெனவே பளபளவென்று இருந்த முன்கண்ணாடியை ஒருவர் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, ஐம்பத்தாறு வயது, ஓட்டுநர் மோகன்ராஜ்.

"கம்பெனியா, கான்ட்ராக்டரா?" என்றார் திரும்பாமலே.

"ரெண்டும் இல்லைங்க. பத்திரிகை."

"அப்ப இது மூணாவது பேஜாரு."

டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டியில் செருகியிருந்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே கம்பெனியின் கடிதம். வால்வு வார்க்கிற கம்பெனி அது. பெயர் எழுதினால் அடுத்த கடிதம் எனக்கு வரும் என்பதால் இத்தோடு விடுகிறேன். கடிதத்தின் சாரம் இது: கடந்த நாற்பது வாரங்களாக வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தங்கள் பேருந்து சரியாக ஒன்பது நிமிடம் தாமதமாக வருகிறது. பெரியபாளையத்துக்குப் பின் மூன்று கிலோமீட்டர் தூரத்தை மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் கடப்பது ஜிபிஎஸ் மூலம் தெரியவருகிறது. அந்த நேரத்தில் பேருந்தின் தொலைக்காட்சியில் திரைப்படம் ஓடுவதாகவும் அறிகிறோம். வாகனத்தை ஓட்டும்போதே ஓட்டுநர் திரைப்படம் பார்ப்பதாக ஐயம் எழுகிறது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் விளக்கம் தரவும்.

"கடசியில ஒரு வார்த்த போட்டுக்கீறாங்க பாருங்க" என்றார். "ஐயம். அத்தப் படிச்சதுலேந்து நாஷ்டா எறங்கல."

அவர் பயம் வேலை போய்விடும் என்பது மட்டுமல்ல. தொழிற்பேட்டைக்கு வண்டி விடும் கான்ட்ராக்டர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணி போட்டு ஓட்டினான் என்று ஒருவன் பெயர் அதில் வந்தால்கூட ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள். டிவி பார்த்துக்கொண்டே நாற்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு போனான் என்று வந்தால் மறக்க மாட்டார்கள், ஏனென்றால் அதில் சிரிக்க இடம் இருக்கிறது. இந்த வயதில் ஸ்டியரிங்கை விட்டு இறக்கினால் மறுபடி எவனும் சாவி தரமாட்டான். வேறு வேலை அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஓட்டி, முதுகு போனபின் பஸ்ஸுக்கு வந்தவர்.

"படம் பார்த்தீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"நான் எந்தப் படத்த சார் பாத்துக்கீறேன்" என்றார். "லாரி ஓட்டுற காலத்துல தியேட்டர் இன்னாத்துக்கு? தூங்கத்தான். ஒரு டிக்கெட்டு, மூணு மணி நேரம், ஃபேனு. இந்தப் படத்துக்கும் போயிக்கீறேன், எம்பத்தெட்டுல, திருவள்ளூர்ல. பேரு போட்டாங்க. கண்ண தொறந்தா பெருக்கிக்கினு இருக்கான்."

படத்தின் பெயர் 'சாயங்கால முகவரி'. வந்தபோது ஐந்து வாரம் ஓடியது. அதன் பின் முப்பது வருஷம் எங்கேயும் ஓடவில்லை. இப்போது உலகத்திலேயே அது தவறாமல் ஓடுகிற இடம் இந்த பஸ் ஒன்றுதான். கொண்டுவந்தவர் ஈஸ்வரி, அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு, பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னல். அவரைப் பார்க்க அடுத்த தெருவுக்குப் போனேன். கடித விஷயம் தெரிந்த பின் ஈஸ்வரிக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பென்டிரைவ் அவருடையது.

"நாந்தான் சார் ஆரமிச்சேன். லாக்டவுன் முடிஞ்சி பஸ்ஸு மறுபடி ஓட ஆரமிச்சப்போ. அல்லாரும் அவங்கவங்க போன நோண்டிக்கினு பொணம் மாரி வருவாங்க. ஒருநாள் போட்டேன். அவ்ளோதான்."

அன்றிரவே பென்டிரைவை இரவல் வாங்கி நானும் முழுதாகப் பார்த்தேன். கதை சிக்கலில்லாதது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்யும் ஒரு பெண். லீவில் போனவருக்குப் பதிலாகச் சாயங்காலத் தபால் கொடுக்க வரும் ஒரு தற்காலிகத் தபால்காரன். அவள் வீட்டு முனையில் வந்ததும் சைக்கிள் பெல்லை இரண்டு தரம் அடிப்பான். அவள் வெளியே வருவாள். ஒரு பாட்டில் அவள் கேரியரில் உட்கார்ந்து போவாள். லீவில் போனவர் திரும்பி வந்துவிடுகிறார். பையனுக்கு அந்தத் தெருவும் போகிறது, பெண்ணும் போகிறாள். கடைசிப் பன்னிரண்டு நிமிடம் வசனமே கிடையாது. கல்யாண மண்டபம். வாழ்த்துத் தந்திகளைக் கட்டாக எடுத்துக்கொண்டு அவன் வருகிறான். மேடையிலிருந்து அவள் பார்க்கிறாள். இன்னொருவன் தாலி கட்டுகிறான். கெட்டிமேளம். தந்திகளை மேஜையில் வைத்துவிட்டு அவன் சைக்கிளை எடுக்கிறான். அவள் பழைய தெரு முனையில், பூட்டிக் கிடக்கும் வீட்டின் முன், இரண்டு தரம் பெல் அடித்துவிட்டுப் போகிறான். சிரித்த முகமாகப் போகிறான். அதுதான் தாங்கமுடியாது என்கிறார் ஈஸ்வரி.

முதல் பாதி வியாழக்கிழமை சாயங்காலம், வீடு திரும்பும்போது. இரண்டாம் பாதி வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகும்போது. நடுவில் சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வரும் அளவுக்கு இடைவேளை. வாராவாரம் பார்க்கிற படத்துக்கு அந்த இடைவேளையில் மனசு அடித்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"அடிச்சிக்கும் சார். இந்த வாட்டியாவது அந்தப் பொண்ணு மேடையிலேந்து எறங்கி வந்துடுமான்னு. வராது. அதுவும் தெரியும்." மேலும் சொன்னார்: "ஷிப்ட்டுக்கு முன்னாடி ஒரு வாட்டி அழுதுட்டா நல்லாக்கீது சார். அப்பறம் சூப்பர்வைசரு இன்னா கத்துனாலும் ஒறைக்காது."

அந்த பஸ்ஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கல்யாண மண்டபம் வந்ததிலிருந்து கம்பெனி கேட் வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. படத்தைப் பற்றியும் பேசக் கூடாது. பேசினால் போய்விடும். எது போய்விடும் என்று ஈஸ்வரிக்கே சொல்லத் தெரியவில்லை. சட்டம் வந்த கதையை ஃபிட்டர் மோசஸ் சொன்னார். முதல் தடவை அந்தத் தபால்காரனைப் பார்த்து, "இவன் ரிஜிஸ்டர் தபாலு, இவன எவனும் கையெழுத்துப் போட்டு வாங்கல" என்று கிண்டல் அடித்தவர் அவர். அடுத்த வாரம் அவரே வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டிருந்தார். தூசி என்கிறார். நாற்பது வாரமாக அதே தூசி.

இதில் டிரைவர் எங்கே வந்தார்? டிவி டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தடுப்புக் கண்ணாடிக்கு மேலே, பயணிகளைப் பார்த்து மாட்டியிருக்கிறது. மோகன்ராஜ் தலையைத் திருப்பினாலும் அதன் முதுகுதான் தெரியும். அவருக்குச் சத்தம் மட்டும் வரும். பன்னிரண்டு நிமிடம் பேச்சில்லாமல் வெறும் நாயனமும் மூச்சும் ஓடும்போது, இன்ஜின் இரைச்சலில் அது காணாமல் போவது அவருக்குப் பாவமாக இருந்திருக்கிறது. மூன்றாவது வாரம் வேகத்தைக் குறைத்தார். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. குறைத்ததும் உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடியில் நாற்பத்தொரு முகமும் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் பார்க்கும் படம் அது.

ஷிப்டு ஆறு ஐம்பதுக்கு. பஞ்ச் அடிக்கப் பத்து நிமிடம் சலுகை உண்டு. அவர் ஆறு ஐம்பத்தொன்பதுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். நாற்பது வாரத்தில் ஒரு நாள்கூட ஏழு ஆனதில்லை. எவருக்கும் ஒரு பைசா பிடித்தமில்லை. பாவம், அந்தத் துல்லியம்தான் மாட்டிவிட்டது. நாலு வெள்ளி முன்னே பின்னே வந்திருந்தால் ரோடு சரியில்லை என்று கம்பெனி விட்டிருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் படம் போடுவதா வேண்டாமா என்று பஞ்சாயத்து நடந்தது. போடவில்லை என்றால் பயந்ததாகிவிடும் என்றார் மோசஸ். போட்டால் திமிரு என்பார்கள் என்றது பின்வரிசை. ஈஸ்வரி பென்டிரைவை டிரைவரிடம் நீட்டி, "நீயே சொல்லுண்ணா" என்றார். மோகன்ராஜ் அதை வாங்கி, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வாரம் வேணாம்மா. சனிக்கெழம ஆவட்டும்."

வெள்ளிக்கிழமை காலை நான் பூக்கார அம்மாள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வதந்தியை நேரில் பார்க்கலாம் என்று கேமராவும் கையுமாக. ஆறு பதினாலுக்கு பஸ் வந்தது. வந்தது என்று சொல்வதைவிடப் போனது என்று சொல்வது சரி. அறுபது கிலோமீட்டர் வேகம். டிவி அணைந்திருந்தது. நாற்பத்தொரு பேரும் பழக்கதோஷத்தில் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு போனார்கள். பூக்கார அம்மாள் கையைக் கூப்புவதற்குள் பஸ் வளைவைத் தாண்டிவிட்டது.

"அம்மனுக்கு இன்னா கோவமோ" என்றார், கூப்பிய கையைப் பிரிக்காமல்.

அன்று கம்பெனி கேட்டில் சேஃப்டி ஆபீசர் ஆதிநாராயணன் கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார். பஸ் ஆறு நாற்பத்தொன்பதுக்கு வந்து நின்றது. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதை வாட்ச்மேன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: 'திரைப்படம் இல்லாத நாளில் தாமதம் இல்லை.' நாற்பது வாரத் தாமதத்தைவிட இந்த ஒரு நாள் நேரம் தவறாமைதான் மோகன்ராஜுக்கு எதிரான பெரிய ஆதாரமாயிற்று. ஜாக்கிரதையாக இருந்தால் வரும் வினை வேறு எதிலும் வராது.

அந்தச் செய்தி மோகன்ராஜ் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் பஸ்ஸைக் காலி மனையில் விட்டுவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மோசஸ் படிக்கட்டில் நின்று பாடம் நடத்தினார். நான் கீழே நின்று கேட்டேன்.

"சிம்பிள் நைனா. படமா, எந்தப் படம்னு கேளு. ஒன்னும் தெரியாதுன்னு அடிச்சி உடு."

"தெரியுமேப்பா எனக்கு."

"இன்னா தெரியும்?"

"கதை தெரியும். பாட்டு தெரியும். எந்த எடத்துல இந்தம்மா மூக்கு சிந்தும், எந்த எடத்துல நீ கர்ச்சீப்ப எடுப்ப, அதுகூடத் தெரியும்."

"அத்தச் சொன்னா செத்த. கதை தெரியும்னா பாத்தன்னு அர்த்தம்."

"பாக்கல. கேட்டேன்."

"ஆரு நம்புவான்?"

மோகன்ராஜ் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "தெரியாதுன்னு பொய் சொல்லி, அவரு குறுக்க ஒரு கேள்வி கேட்டு, நான் ஒளறிட்டா? ஒளறுவேன். எனக்கு வராது அது. என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

அந்த ராத்திரி மூன்று வீடுகளில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமை விசாரணையில் நான் இல்லை. உள்ளே இருந்தவர்கள் ஐந்து பேர். கேள்வி கேட்க ஆதிநாராயணன். வண்டிக்குச் சொந்தக்காரர் அப்பாவு. பயணிகள் சார்பில் ஈஸ்வரி, மோசஸ். நடுவில் மோகன்ராஜ். அதில் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, மூன்றிலும் ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

ஆதிநாராயணன் முதலில் ஜிபிஎஸ் படத்தைக் காட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரே இடத்தில் கோடு படுத்துக் கிடந்தது.

"இந்த இடத்துல ஏன் ஸ்லோ பண்றீங்க?"

"சத்தம் வரக்கூடாதுன்னு சார். இன்ஜின் சத்தம்."

"யாருக்கு வரக்கூடாது? உங்களுக்கா?"

"அல்லாருக்கும் சார்."

அப்பாவு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போகும் வழியிலேயே அவர் சொல்லிவிட்டார், கம்பெனி கைகாட்டினால் மாற்று டிரைவர் திங்கட்கிழமைக்குத் தயார் என்று. பகையெல்லாம் இல்லை. அவர் பிழைப்பு அது.

"அப்ப படம் ஓடுறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"கதை தெரியுமா?"

ஈஸ்வரி உட்கார்ந்திருந்த ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம். மோசஸ் தொண்டையைச் செருமினார். மோகன்ராஜ் ஒரு தரம் மோசஸைப் பார்த்தார். பிறகு, "தெரியும் சார்" என்றார்.

ஆதிநாராயணன் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். இனி எழுத வேண்டியது ஒரே வரிதான் என்ற தெம்பு.

"கடைசி சீன்ல வசனமே கிடையாதுன்னு கேள்விப்பட்டேன். கேட்டெல்லாம் தெரிஞ்சிக்க முடியாது. அதுல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

மோகன்ராஜ் எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லலாம் என்றார்கள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"கல்யாணம் நடக்குது சார். மொதல்ல நாயனம். அப்பறம் கெட்டிமேளம். அப்பறம் கொஞ்ச நேரம் ஒன்னும் இருக்காது. அப்பறம் சைக்கிள் பெல்லு, ரெண்டு வாட்டி. அவ்ளோதான், முடிஞ்சிடும்."

"யாருக்குக் கல்யாணம்?"

"அவங்க ரெண்டு பேருக்குந்தான் சார். தபால்காரருக்கும் எக்ஸ்சேஞ்சு பொண்ணுக்கும்."

ஈஸ்வரி வாயைத் திறந்தார். மோசஸ் மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தார். நல்ல பாதுகாப்பு பூட்ஸ், கம்பெனி கொடுத்தது.

"பெல் எதுக்கு?" என்றார் ஆதிநாராயணன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சைக்கிள்ல கூட்டிக்கினு போறாரு சார் அந்தப் பொண்ண. பாட்டுல போவாங்கல்ல, அதே மாரி. கேரியர்ல வெச்சிக்கினு."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"கண்ணாடில தெரியும் சார். அல்லாரும் அழுவாங்க. கடசி பெல்லு அடிக்கும்போது அழுதுகினே சிரிப்பாங்க. கல்யாணத்துல பொண்ண பெத்தவங்க மூஞ்சி அப்டித்தான இருக்கும்? பொண்ணு நல்லபடியா போய்ச் சேந்துச்சின்னு."

ஆதிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வால்வுகள் அடுக்கியிருக்கும் முற்றம்தான், பார்க்க ஒன்றுமில்லை. அந்தப் படம் தெரியாத ஒருவர் அந்த விடையைக் கேட்டிருந்தால், பார்த்தவன்தான் இவ்வளவு விவரமாகச் சொல்வான் என்று எழுதித் தள்ளியிருப்பார். விடை தவறு என்று தெரிய வேண்டுமானால் அவரும் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் எத்தனை தடவை பார்த்தார், யாரோடு பார்த்தார் என்பது விசாரணையில் வராத விஷயம்.

பேனாவைத் திறந்து எழுதினார். அப்பாவு அதைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார், நானும் பார்த்தேன்: 'ஓட்டுநர் மேற்படி திரைப்படத்தைப் பார்த்ததில்லை என்பது அவரது பதிலிலிருந்தே ஐயமற உறுதியாகிறது. தாமதத்துக்கு மட்டும் எச்சரிக்கை. பேருந்து இனி எல்லா நாளும் ஆறு ஐம்பதுக்கு வர வேண்டும்.' நான் படித்த பள்ளிக்கூடத்தில் தவறான விடைக்கு இப்படி முழு மதிப்பெண் யாரும் போட்டதில்லை.

வெளியே வரும்போது ஆதிநாராயணன் ஈஸ்வரியை மட்டும் நிறுத்தி, "அந்தக் காப்பில சவுண்டு நல்லா இருக்குமா?" என்று கேட்டாராம். நல்லா இருக்கும் சார் என்றாராம்.

மோகன்ராஜ் கேட்டுக்கு வெளியே வந்து தண்ணீர் வாங்கி ஒரு பாட்டில் முழுவதும் குடித்தார். மோசஸின் தோளில் தட்டி, "பாத்தியா, உண்மைய சொன்னேன், உட்டுட்டாங்க. நீ இன்னான்னா பொய் சொல்லச் சொன்ன" என்றார். மோசஸ், "ஆமா நைனா" என்றார். அந்த ஆமாவைச் சொல்ல அவர் பட்ட பாட்டை ஈஸ்வரி எனக்கு நடித்தே காட்டினார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பஸ் வேப்பம்பட்டில் ஒன்பது நிமிடம் முன்னாலேயே புறப்படுகிறது, ஐந்து இருபத்தாறுக்கு. நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஏற்பாடு. ஐந்து நிமிடத் தூக்கத்துக்காகப் பெண்டாட்டியோடு சண்டை போடுகிறவர்கள் ஒன்பது நிமிடத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பஸ்ஸுக்குள் பழைய நிம்மதி இல்லை. மண்டபக் காட்சி வந்ததும் எல்லோருக்கும் அந்தப் பெரிய கண்ணாடியின் ஞாபகம் வந்துவிடுகிறது. நம் முகத்தை வைத்துத்தான் அந்த மனிதர் அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார், நம் முகத்தாலேயே அது முறிந்துவிடப் போகிறது என்று கவலை. சொல்லிவிடலாம் என்கிறார்கள் சிலர். யார் சொல்வது என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். பேசக்கூடாது என்ற சட்டம் இருப்பது இப்போது எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மோகன்ராஜைப் பார்க்கப் போனேன். கண்ணாடியைத் துடைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இறங்குகிறது என்றார். ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை என்றார்.

"இந்த வாட்டி இன்னா சார், அல்லாரும் பல்லக் காட்டிக்கினு வந்தாங்க, போட்டா புடிக்கிற மாரி? மோசஸு கர்ச்சீப்பே எடுக்கல. நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனா அங்க?"

"தப்பாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாங்களா?" என்றேன். பதில் கேள்வி கேட்டுத் தப்பிப்பது என் தொழிலில் பழகிய வித்தை.

அவர் அதை ஒத்துக்கொண்டார். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த மாதிரி ஆரம்பித்தார்.

"நீங்க படம் பாத்தவரு. ஒன்னு கேக்குறேன். கல்யாணத்துக்கு அப்பறம் அந்தப் பொண்ணு எக்ஸ்சேஞ்சு வேலைய உட்டுடுச்சா, இல்ல போய்க்கினு இருக்குதா? அத்தக் காட்டுறாங்களா?"

"ஏன் கேட்கிறீங்க?"

"என் சம்சாரம் திருநின்றவூர்ல டைப்பிங் வேல பாத்துச்சி. கல்யாணம் ஆனதும் நான் உடச் சொன்னேன். உட்டுடுச்சி. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அது கண்ண மூடி ஆறு வருசம் ஆச்சி, இன்னும் அதான் மனசுல ஓடிக்கினு இருக்குது. இந்தப் பையன் நல்ல பையனாட்டம் தெரியுது, கொரல வெச்சிப் பாத்தா. அவன் உடச் சொல்லியிருக்க மாட்டான்னு நெனைக்கிறேன்."

படத்தை மறுபடி ஒரு தரம் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். சரி சார், அவசரம் இல்லை என்றார்.

மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கினால் இப்போதெல்லாம் நான் பஸ் நிற்கிற பின்பக்கத்தை விட்டு முன்பக்க வழியாகவே போய்விடுகிறேன்.